குளத்துக் கதவை ரூபிக்கு மாற்றிய கதை

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது, குளத்துக்கு ஒரு கதவு இருந்தது, கதவுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. குளத்துக்கு எதற்குக் கதவு என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டவர்களையெல்லாம் அந்தக் காட்டில் பிடித்துக் கமிட்டியில் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் அவர்கள் எதையுமே கேட்க மாட்டார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு உத்தரவுகளை எழுதிவைத்தது ஒரு யானை. ஜாவா என்கிற மொழியில் எழுதியது. யார் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எழுதிவைக்கும் உத்தரவுக்கு அந்தத் தொழிலில் மெத்தட் என்று பெயர். யானை எழுதியது மூன்று மெத்தட். மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான்: 'கதவைத்திற.' ஆனால் சிங்கத்துக்கு ஒரு கதவைத்திற, புலிக்கு ஒரு கதவைத்திற, புல் தின்கிற கூட்டத்துக்கு ஒரு கதவைத்திற.

சிங்கராஜா வந்தால் ஒலிபெருக்கியில் மேளம் கொட்டும். உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்து தலைகுனிந்து நிற்கவேண்டும், மேளம் கேட்டபின் எவரும் எவரையும் தொடக்கூடாது. ராஜா குடித்து முடித்து ஏப்பம் விடும்வரை கதவு வேறு எவருக்கும் திறக்காது. புலி வந்தால் முதலில் சங்கு ஊதும். சங்கு கேட்டதும் மற்றவர்கள் பின்வாசல் வழியாக ஓடிவிடவேண்டும். குளம் காலியான பிறகுதான் புலிக்குக் கதவு. புல் தின்கிறவர்கள் வந்தால் கதவு சும்மா திறக்கும். போ, குடி, வா. அவர்களுக்கு யார் மேளம் கொட்டுவது?

யானை அரசு உத்தியோகத்திலேயே ஊறிப்போனது. அதனால் மூன்றையும் அந்தஸ்துப்படி எழுதியது. மேலே சிங்கம், நடுவில் புலி, அடியில் புல் கூட்டம். எழுதி முடித்துவிட்டு, பக்கத்துக் காட்டில் கரும்பு அதிகம் தருகிறார்கள் என்று தெரிந்ததும் போய்விட்டது. அதைக் குறை சொல்ல நான் யார்? நானும் போயிருப்பேன்.

கதவு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடுகிற எதையும் நம்மவர்கள் சும்மா விடுவார்களா? ஒருநாள் சபைக்கு ஒரு கிளி வந்தது. ஆலோசகராம். வெளிக்காடுகளில் எல்லாம் பேசிவிட்டு வந்த கிளி. வாய் மூடாத கிளி.

"ராஜா, இன்னுமா ஜாவா? வெளிய சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க. ஜாவால ஒரு மெத்தட்டை ஆரம்பிக்கறதே கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி. இது பொதுவானதா அந்தரங்கமானதா, என்ன திருப்பித் தரும், வர்றவர் என்ன இனம், கோபம் வந்தா எதைத் தூக்கி எறியும், எல்லாத்தையும் வாசல்லயே எழுதணும். ரூபியில அப்படி இல்லை. டெஃப்னு ஆரம்பிக்கணும், எண்டுன்னு முடிக்கணும். கல்யாணம், வந்துடுன்னு போன்ல சொல்ற மாதிரி."

சிங்கத்துக்கு ஜாவாவும் தெரியாது, ரூபியும் தெரியாது. ஆனால் ரூபி என்றால் மாணிக்கம் என்று கிளி சொன்னது. மாணிக்கம் ராஜாக்களுக்கு உரியது என்று சிங்கமே சொல்லிக்கொண்டது. தீர்மானம் நிறைவேறியது.

வேலைக்குப் பொறுப்பு நரி. நரியை அங்கே எல்லோரும் மேனேஜர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு ஒரு வரிகூட எழுதத் தெரியாது. ஆனால் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று எந்நேரமும் சொல்லத் தெரியும். எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடி, வடிவு என்ற சருகுமானை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். சருகுமான் தெரியும்தானே? முயலைவிடக் கொஞ்சம் பெரியது, மானிலேயே குட்டியூண்டு. காய்ந்த சருகுக்குள் நின்றால் கண்ணுக்கே தெரியாது. சம்பளம் கொடுக்கிறவர்கள் கண்ணுக்கும் பெரும்பாலும் தெரியாது.

வடிவு இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதன் தங்கை செண்பகம் அப்போது நிறைமாதம். பங்குனி வெயிலில் ஓடையெல்லாம் வறண்டுவிட்டது. அந்த ஒரு குளத்தைவிட்டால் வேறு தண்ணீர் கிடையாது. செண்பகம் தினமும் சாயங்காலம் வயிற்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அந்தக் கதவு வழியாகத்தான் போய்க் குடித்துவிட்டு வரும். சங்கு ஊதினால் ஓடிவந்துவிடும். ஊதாவிட்டால்? அந்தக் கதவில் வேறு யாரோ கைவைத்துக் கெடுப்பதைவிட நாமே எழுதிவிடுவோம் என்று வடிவு நினைத்தது.

முதல் நாளே அதற்குத் தூக்கிவாரிப்போட்டது.

விஷயம் இதுதான். ஜாவாவில் ஒரே பெயரில் மூன்று மெத்தட் இருக்கலாம். வருகிறவர் சிங்கமா, புலியா, புல் கூட்டமா என்று இனம் எழுதியிருப்பதால், எவருக்கு எது என்று அது பிரித்துக்கொள்ளும். ரூபி இனம் கேட்காது. ஒரே பெயரில் மூன்று எழுதினால், முதலில் எழுதியதை இரண்டாவது அழித்துவிடும், இரண்டாவதை மூன்றாவது அழித்துவிடும். கடைசியில் எழுதியது மட்டுமே மிஞ்சும். அழிக்கும்போது சத்தம்கூடப் போடாது. இங்கே கடைசியில் இருப்பது எது? புல் கூட்டத்தின் உத்தரவு. போ, குடி, வா. ஆக, இனிமேல் புலி வந்தாலும் போ, குடி, வா. சங்கே கிடையாது.

வடிவு நரியிடம் ஓடியது.

"சார், இப்படியே வரிக்கு வரி மாத்தினா புலி வர்றப்ப சங்கு ஊதாது சார். உள்ள எல்லாரும் தண்ணி குடிச்சிட்டு இருப்பாங்க. அது பாட்டுக்கு உள்ள நுழையும்."

"எத்தனை மெத்தட்?"

"மூணு சார்."

"மூணையும் மாத்தியாச்சா?"

"மாத்தலாம் சார், ஆனா..."

"அப்ப வேலை முடிஞ்சுது. ஏம்மா எதுக்கெடுத்தாலும் ஆனா, ஆனாங்கற? பாசிட்டிவா யோசிம்மா."

"மூணையும் ஒண்ணாச் சேர்த்து, உள்ள போய் யாருன்னு பார்த்துப் பிரிக்கிற மாதிரி எழுதிடறேன் சார். கொஞ்சம் நேரம் மட்டும் கொடுங்க."

"ராஜாவோட மெத்தட்டையும் ஆட்டுக்குட்டி மெத்தட்டையும் ஒண்ணாச் சேர்க்கறதா? யாராவது கேட்டா என் தோலை உரிச்சிடுவாங்க. யானை எப்படி வெச்சுதோ அப்படியே இருக்கட்டும். ராஜா பேரு மேல, உங்க பேரு கீழ. அந்த வரிசையை மட்டும் தொடாத."

சோதனை என்று ஒன்று நடந்தது, நடக்காமல் இல்லை. சோதனைக்குப் பொறுப்பு ஒரு முயல். புல் கூட்டம் வந்தால் கதவு திறக்கிறதா என்று தானே போய்ப் பார்த்தது. திறந்தது. வெற்றி. சிங்கம் வந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க ராஜாவைப் போய்க் கூப்பிட முடியுமா? மரியாதையாக இருக்குமா? அதுவும் வெற்றி. புலி வந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க முயல் அன்றைக்கு லீவு. அதுவும் வெற்றி.

கதவு ரூபிக்கு மாறியது. அன்று சாயங்காலமே புலி வந்தது. பழக்கப்படி சங்குக்காகக் கதவின் முன்னால் நின்றது. சங்கு ஊதவில்லை. கதவு 'வாங்க' என்று திறந்தது. உள்ளே பார்த்தால் குளக்கரை முழுக்க முதுகு. வரிசையாகக் குனிந்த முதுகு. புலி தன் கண்ணைத் தானே நம்பாமல் ஒரு கணம் நின்றது என்று சொல்கிறார்கள். ஒரே ஒரு கணம்தான்.

சின்னமணி என்ற கேளையாடு செத்தது. நல்ல ஜீவன். குளத்தில் எப்போதும் குட்டிகளுக்கு இடம்விட்டு ஓரமாக நின்று குடிக்கும். ஓரமாக நின்றதால்தான் முதலில் அகப்பட்டது. செண்பகம் எப்படியோ தப்பி வந்தது. பின்னங்காலில் நகம் பட்டு நீளமாகக் கிழிந்திருந்தது. வடிவைப் பார்த்ததும் அதற்கு அழுகைகூட வரவில்லை.

"சங்கு ஊதலையே அக்கா," என்றது. "நான் காதைத் தீட்டிக்கிட்டேதான் இருந்தேன். ஊதவே இல்லையே."

வடிவு குனிந்து அந்தக் காயத்தை நக்கிவிட்டது. அந்தச் சங்கை அழித்தது அதன் குளம்புதானே.

மறுநாள் நரி சபையில் அறிக்கை வாசித்தது. "தண்ணீர் குடிக்கப் போனவர்கள்: அனைவரும். திரும்பி வந்தவர்கள்: ஏறக்குறைய அனைவரும். கதவு திறக்கும் வேகம் முன்பைவிட அதிகம்." சபை கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது புலி.

வடிவு நரியின் அறைக்குப் போய்க் கத்தியது. "ஒரு உசுரு போயிருக்கு சார்! ஏறக்குறையன்னு வாசிக்கறீங்க, வெக்கமா இல்ல?"

"அது ஒரு சம்பவம்மா," என்றது நரி, எதையோ மென்றுகொண்டே. "சம்பவம் வேற, பிழை வேற. உன் புகாரை வாங்கி வெச்சிருக்கேன். முக்கியத்துவம் குறைவுன்னு போட்டிருக்கேன். அடுத்த கட்டத்துல பார்க்கலாம்."

"அடுத்த கட்டம் எப்ப சார்?"

"இந்தக் கட்டம் முடிஞ்சதும்."

"இந்தக் கட்டம் எப்ப முடியும்?"

"அதான் முடிஞ்சிடுச்சே, வெற்றி விழா வெச்சிருக்கோமே!" என்று நரி பல்லைக் காட்டியது.

வடிவு அறையைவிட்டு வெளியேறியது. வீட்டுக்கு வந்தால் செண்பகம் நாக்கு வறண்டு படுத்திருக்கிறது. குளத்துக்குப் போகப் பயம். போகாமல் இருக்கவும் முடியாது, வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்துத் தாகம். வடிவு யோசித்தது. கடைசியில் எழுதியதுதான் மிஞ்சும் என்றால், கடைசியில் எதை வைப்பது? புலியின் உத்தரவைக் கீழே கொண்டுவந்தால் போதும், யார் வந்தாலும் சங்கு ஊதும், உள்ளே இருப்பவர்கள் தப்பிக்கலாம். ஆனால் புலியின் பெயரை நகர்த்துகிறேன் என்றால் நரி ஏன் என்று கேட்கும். ராஜாவின் பெயரை நகர்த்தினால்? அதை எப்படிக் கேட்கவேண்டுமோ அப்படிக் கேட்டால் நரி மறுக்காது. ராஜாவின் உத்தரவிலும் உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துதானே ஆகவேண்டும்.

மறுநாள் அது நரியிடம் ரொம்பப் பணிவாகப் போய் நின்றது.

"சார், ஒரு சின்ன யோசனை. மேடையில யார் முதல்ல பேசுவாங்க?"

"வட்டச் செயலாளர், கிளைச் செயலாளர், இந்த மாதிரி அல்லறை சில்லறை எல்லாம்."

"பெரியவர்?"

"அவர் கடைசியில. அவர் பேசி முடிச்சா கூட்டம் கலைஞ்சிடுமே."

"நம்ம கதவுல ராஜாவை முதல்ல பேசவிட்டுட்டு, அதுக்கப்புறம் புல் கூட்டத்தைப் பேசவிடறோமே சார். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

நரிக்கு வேர்த்துவிட்டது. "ஐயையோ! இதை இத்தனை நாளா ஏம்மா சொல்லலை? யானை நம்மளைக் கவுத்துட்டுப் போயிருக்கு பாரு. உடனே மாத்து. ராஜா கடைசியில, தனியா, மேல கொஞ்சம் இடம்விட்டு." வடிவு மாற்றியது. மேலே இடமும் விட்டது.

வெற்றி விழா நாள் வந்தது. குளக்கரையில் பந்தல், வாழைமரம், தோரணம். ராஜா வழக்கமாகக் குளத்துக்கு வராது. குகைக்கே தண்ணீர் போய்விடும். அன்றைக்கு விழாவென்று ஊர்வலமாகப் புறப்பட்டது. வெயிலில் நடந்துவந்து நாக்கு தொங்கியது.

அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு எலி குளத்துக்கு வந்தது. கதவருகே போனதுதான் தாமதம், மேளம் கொட்டியது. 'மகாராஜா வருகிறார், அனைவரும் வெளியே வந்து தலைகுனியவும்' என்று ஒலிபெருக்கி அலறியது. உள்ளே இருந்த காட்டெருமைகள் பதறியடித்து வெளியே வந்து தலைகுனிந்தன. எலி திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை. நமக்குத்தானா என்று மார்பில் கைவைத்துக் கேட்டது. கதவு திறந்தது. எலி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போன அழகைப் பார்க்கவேண்டுமே! குடித்துவிட்டு, பிறந்ததிலிருந்து விடாத ஒரு ஏப்பத்தை விட்டுவிட்டு வெளியே வந்தது.

அடுத்து செண்பகம் போனது. மேளம் கொட்டியது. தலைகள் குனிந்தன. அந்தத் தலைகளுக்கு நடுவே புலியின் தலையும் இருந்தது. கதவு உத்தரவு போட்டால் புலிக்கும் உத்தரவுதான். செண்பகம் உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. ரொம்ப நாளைக்கப்புறம் அது நிதானமாக, இரண்டு காதையும் தொங்கவிட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தது.

ராஜாவின் ஊர்வலம் சரியாக அப்போதுதான் கதவுக்கு வந்து சேர்ந்தது.

கதவு திறக்கவில்லை. 'மகாராஜா நீர் அருந்திக்கொண்டிருக்கிறார். வெளியே நிற்பவர்கள் தலைகுனியவும்,' என்றது ஒலிபெருக்கி.

"நான் இங்கதானே நிக்கறேன்?" என்றது சிங்கம்.

'தலைகுனியவும்,' என்றது ஒலிபெருக்கி.

உள்ளே இருந்து ஏப்பம் வந்தால்தான் கதவு திறக்கும். நிறைமாதக்காரிக்கு ஏப்பத்துக்கா பஞ்சம்? மற்ற நாட்களில் மூச்சுக்கு ஒரு ஏப்பம் வரும். ஆனால் வெளியே ராஜா நிற்கிறது என்று தெரிந்ததும் பயத்தில் செண்பகத்துக்குத் தொண்டையே அடைத்துக்கொண்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. பந்தலில் இருந்த அத்தனை மிருகங்களும் ஒரு சருகுமானின் ஏப்பத்துக்காகக் காத்திருந்தன. கிளிகூடப் பேசவில்லை. கடைசியில் ராஜாவே கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதம்மா, மெதுவா முயற்சி பண்ணும்மா," என்று கெஞ்சியது.

ஏப்பம் வந்தது. கதவு திறந்தது. விழா நடக்கவில்லை.

"யாரு இது! யாரு இதைச் செஞ்சது!" சபையில் சிங்கம் போட்ட கர்ஜனையில் நரி தூணுக்குப் பின்னால் போய்விட்டது. "எனக்கு அடிக்கிற மேளம் எலிக்கு அடிக்குது! இது பிழை இல்லையா?"

"மகாப் பிழை ராஜா!" என்றது நரி. "முக்கியத்துவம் உச்சம்! இப்பவே, இந்த நிமிஷமே திருத்தணும்!"

வடிவு முன்னால் வந்தது. "ராஜா, இதே பிழையாலதான் சின்னமணி செத்தது. அப்ப இதுக்குப் பேரு சம்பவம். புலிக்கு ஊதற சங்கு போச்சுன்னு அன்னிக்கே சொன்னேன். ரெண்டையும் சேர்த்தே திருத்திடறேன். ஒரே வேலைதான்."

சிங்கம் யோசித்தது. "முதல்ல என்னோடது. சங்கு அடுத்த கட்டத்துல பார்க்கலாம்."

கேட்டீர்களா? வெயிலில் கால் வலிக்க நின்றது ராஜா. செத்தது சின்னமணி. எது முதலில் என்று ராஜாவே சொல்லிவிட்டது. எனக்கு வாயில் வருகிறது, குழந்தைகள் யாராவது கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று அடக்கிக்கொள்கிறேன்.

ராஜாவை எப்படி அடையாளம் காண்பது என்று பேச்சு வந்தது. கதவின் மேலேயே ஒரு கேமரா இருந்தது. அதைக் கேட்டால் யார் வந்திருப்பது என்று சொல்லிவிடும். ஆனால் கிளி றெக்கையை விரித்தது. "ரூபியில நீ யாருன்னு பிறப்பைக் கேக்கறது அநாகரிகம். உனக்கு என்ன செய்யத் தெரியும்னுதான் கேக்கணும். கர்ஜிக்கத் தெரியுமான்னு கேளுங்க. கர்ஜிச்சா ராஜா. இல்லைன்னா சாதாரணம்." கர்ஜனைதான் ராஜாவுக்கு அடையாளம் என்று சிங்கமும் பிடரியைச் சிலிர்த்துக்கொண்டது.

வடிவும் சரியென்று தலையாட்டியது. அதற்கு ஒரு கணக்கு இருந்தது. புலியும் உறுமுகிற சாதிதானே. கதவு கேட்டால் உறுமும். உறுமினால் மேளம் கொட்டும். மேளம் கொட்டினால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். சங்கு இல்லாவிட்டால் என்ன, மேளம் இருக்கிறது.

ஒரு நாள் அப்படியே நடந்தது. புலி உறுமியது, மேளம் கொட்டியது, குளம் காலியானது. வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் புலி வெறும் வயிற்றோடு திரும்பியது. மறுநாள் கதவு, "கர்ஜிக்கத் தெரியுமா?" என்று கேட்டபோது, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது. 'சாதாரணம்' என்று கதவு திறந்துவிட்டது. அன்றைக்கு ஒரு காட்டுப்பன்றிக் குட்டி போனது. அறிக்கையில் ஏறக்குறைய என்ற வார்த்தை மறுபடியும் வந்தது.

செண்பகம் குளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டது. வடிவு அதைக் கர்ஜிக்கப் பழக்கிப் பார்த்தது. எவ்வளவு முக்கினாலும் கீச்சென்ற ஒரு சத்தம்தான் வந்தது. "விடுக்கா, எனக்கு வராது," என்று படுத்துக்கொண்டது. ஈர இலையை நக்கியே நாளைக் கடத்தியது. இப்படியே போனால் குட்டி பிறக்குமுன் தாய் போய்விடும் என்று வடிவுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் புலி வாயை மூடிக்கொண்ட தோரணை மட்டும் வடிவின் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. வாயை மூடினால் புலியும் சாதாரணம். அப்படியானால் வாயை மூடினால் வேறு யாரெல்லாம் சாதாரணம்?

வடிவு நரியிடம் போனது. "சார், அன்னிக்கு விழா நடக்காம போச்சே, ராஜாவுக்கு மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்? ஒரு பாராட்டு விழா வெச்சா என்ன?"

"அடடா! இப்பத்தாம்மா நீ உருப்படற வழிக்கு வந்திருக்க," என்றது நரி.

பாராட்டு விழா நடந்தது. ஏற்புரை ஆற்ற ராஜா எழுந்தது. வடிவு முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ராஜா முடிக்கப் போகும்போதெல்லாம், "இன்னும் பேசுங்க ராஜா! ரூபியைப் பத்திப் பேசுங்க ராஜா!" என்று கத்தியது. கூட்டம் கைதட்டியது. கைதட்டல் கேட்டால் நிறுத்துகிற ராஜாவா அது? பேசியது, கர்ஜித்தது, மறுபடி பேசியது. சாயங்காலம் பேச்சு முடிந்தபோது தொண்டையில் காற்று மட்டும்தான் வந்தது. குகைக்குப் போக வழியில்லாத அளவுக்குத் தாகம். எதிரே குளம்.

"கர்ஜிக்கத் தெரியுமா?" என்று கேட்டது கதவு.

சிங்கம் வாயைத் திறந்தது. 'ஹ்' என்று வந்தது.

'சாதாரணம். வரிசையில் போகவும்,' என்று கதவு திறந்தது. மேளம் இல்லை.

சிங்கம் நரியின் பக்கம் திரும்பி, "நான் யாருன்னு சொல்லுய்யா," என்று காற்றாகக் கிசுகிசுத்தது.

"எனக்குத் தெரியுது ராஜா. சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது," என்று நரி கையைப் பிசைந்தது. "அவசரத்துக்கு இப்படியே போயிட்டு வந்துடுங்க. யாரும் பார்க்க மாட்டாங்க."

யாரும் பார்க்கவில்லைதான். எல்லோரும் குனிந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். சிங்கமும் ஒரு எருமைக்கும் ஆமைக்கும் நடுவே இடம் பிடித்துக் குனிந்தது. அப்போது கதவு மறுபடி திறந்தது. வாயை மூடிக்கொண்டு புலி உள்ளே வந்தது. வரிசையாக முதுகுகள். நடுவில் ஒரு பழுப்பு முதுகு, நன்றாகச் சதை பிடித்தது. மேளம் கொட்டாத முதுகு யாருடையதாக இருக்கும்? புல் தின்கிறவனுடையதாகத்தான் இருக்கும். புலி பாய்ந்தது.

ராஜாவுக்குக் கத்தக்கூடக் குரல் இல்லை. பின்புறத்தில் நகம் இறங்கியதும் ஒரே துள்ளலில் குளத்துக்குள் போய் விழுந்தது. நனைந்த பிடரியோடு தலை வெளியே வந்ததும்தான் புலிக்கு ஆளைத் தெரிந்தது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டது.

"ராஜா! மன்னிக்கணும் ராஜா! மேளம் அடிக்கலையே, எனக்கு எப்படித் தெரியும்?"

சிங்கம் தண்ணீரில் நின்றபடியே நரியை அருகில் கூப்பிட்டது. நரி குனிந்து காதைக் கொடுத்தது.

"சங்கு எங்கய்யா?"

"அது அடுத்த கட்டத்துல ராஜா..."

"அடுத்த கட்டம் எப்ப?"

நரி ராஜாவின் பின்புறத்திலிருந்து குளத்தில் கலக்கும் சிவப்பைப் பார்த்தது. "இப்ப ராஜா," என்றது.

பொழுது சாய்வதற்குள் வடிவு எழுதி முடித்துவிட்டது. ஒரே கதவைத்திற. உள்ளே போய்க் கேமராவிடம் யார் என்று கேட்கும். சிங்கமா, மேளம். புலியா, சங்கு. மற்றவர்களா, போ, குடி, வா. முதல் நாள் நேரம் கேட்டதே, அதே வேலைதான். அந்த நகம் முதல் நாளே சரியான முதுகில் இறங்கியிருந்தால் சின்னமணி இன்றைக்கும் ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். அதை நினைத்து வடிவு அழுதது. யாருக்கும் தெரியாமல்தான் அழுதது.

இந்தச் சாதனைக்காக நரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கிளிக்குப் பக்கத்துக் காட்டில் அழைப்பு. வேலை முடிந்துவிட்டதால் வடிவின் ஒப்பந்தமும் முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் செண்பகம் அக்காவோடு குளத்துக்கு வந்து வயிறு முட்டக் குடித்தது. பாதியில் சங்கு ஊதியது. எல்லோரும் பின்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். புலி காலிக் குளத்தில் தனியாக நின்று வெறும் தண்ணீரை நக்கியது. வெளியே வந்த செண்பகம் நிம்மதியாக ஒரு ஏப்பம் விட்டது. அந்தப் பக்கமாகப் போன நரி, பழக்கதோஷத்தில், சட்டென்று தலைகுனிந்தது.

நீதி: உங்கள் கழுத்தில் நிற்கும் பிழையைத் திருத்தச் சொல்லி மேலிடத்தில் மனுக் கொடுத்துப் பயனில்லை, அதைப் பக்குவமாக நகர்த்தி ராஜாவின் பின்புறத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள், அன்று சாயங்காலமே திருத்திவிடுவார்கள்.